திரும்பாத முதுகு

கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சாக்கை மடித்துப் போட்டுவிட்டு ஜானகம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். சும்மா உட்காருவதாமே! முப்பது வருசமாகச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நின்றே பழகின காலுக்குச் சும்மா என்றால் என்னவென்று தெரியுமா? சுப்புத்தாய் காலை நீட்டினாள், மடக்கினாள், திரும்ப நீட்டினாள். நாய்க்குட்டி கேட்டு வந்த வீட்டில் இப்படிக் காலை நீட்டி உட்காருவது மரியாதையா என்று ஒரு யோசனை வந்தது, நாய்களுக்கு முன்னால் என்ன மரியாதை என்று இன்னொரு யோசனை வந்து அதை இடித்துத் தள்ளியது. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் மலை நீலமாகக் கிடந்தது. கம்பிவலை அடைப்புக்குள் அவளும், பத்தடி தள்ளி வெள்ளச்சி என்கிற தாய்நாயும், அதன் வயிற்றை ஒட்டி ஐந்து வெள்ளைக் குட்டிகளும். வெள்ளச்சி இவளை ஒரு பார்வை பார்த்தது, வீட்டுக்கு வந்த கடன்காரியைப் பார்ப்பதுபோல் இல்லை, சம்பந்தம் பேச வந்தவளைப் பார்ப்பதுபோல, எடைபோட்டு. பார்க்கட்டும். அந்த ஜானகம்மா பார்க்காத பார்வையா! போன ஞாயிற்றுக்கிழமை முதல் முதலாக வந்தபோது, வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், கட்டிப் போட்டே வளர்ப்பாயா, வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள், மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா என்று நின்ற நிலையில் இருபது கேள்வி. குருவையா வீட்டார் பெண் பார்க்க வந்தபோதுகூட இரண்டே கேள்விதான் கேட்டார்கள், சமைக்கத் தெரியுமா, தறி ஓட்டத் தெரியுமா. இந்தம்மாவிடம் மாட்டியிருந்தால் இன்றுவரை கல்யாணம் ஆகியிருக்காது. சுப்புத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கலாமா கூடாதா என்று ஜானகம்மா சொல்லவில்லையே என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

இந்த உட்காரல்கூடத் தேவையில்லாதது, எல்லாம் அந்தச் சேலையால் வந்தது. உடுத்திப் படுத்த சேலை ஒன்று, துவைக்காமல் கொண்டுவா தாயி, குட்டிகளோடு போட்டு வைக்கிறேன், உன் வாசம் பழகிவிட்டால் உன் வீட்டுக்கு வந்து ராத்திரி அழாது என்று ஜானகம்மா சொல்லித்தான் அனுப்பினாள். இவளும் மறக்காமல் பச்சைச் சேலையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். போய்விட்டு வந்தால் பையில் சேலை மடித்து இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் புதன்கிழமை கொடுத்தாள். ஜானகம்மா பையைத் திறந்து மூக்கை விட்டாள், நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்தா, இதென்ன, நீலம் போட்டு இஸ்திரி போட்டுல்ல கொண்டாந்திருக்க? குட்டியை நான் உனக்குக் குடுக்கவா, சோப்புக் கம்பெனிக்குக் குடுக்கவா?" பூமி பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது. வேலையை விட்டு வீட்டில் இருக்கிற குருவையா கண்ணில் ஒரு துணி அழுக்காக விழக் கூடாது, உடனே துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோய்விடுவார், அடுத்த வீட்டுக்கு அழுக்குச் சேலையைக் கொடுப்பார்களா என்று அவருக்கு அவர் நியாயம். வேண்டாம், துவைச்சுப் போடாதீங்க என்று சொல்லித்தான் போனாள், சொன்னது எங்கே விழுந்தது? "சேலைக்குப் பதிலா நீயே வந்து உக்காரு, ஞாயித்துக்கிழமை" என்று ஜானகம்மா சொல்லிவிட்டாள். ஆக இப்போது அவள்தான் துவைக்காத சேலை.

சொன்னது எங்கே விழுந்தது. அதுதானே எல்லாம். நாற்பது வருசத் தறிச் சத்தம் குருவையாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத் தின்றுவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்து மகள் வாங்கி அனுப்பின காது மிசின் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது, போட்டால் கொசு நுழைந்த மாதிரி இருக்கிறதாம். தை மாதத்தில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்து அடித்துத் தண்ணீர் வற்றிப் பருப்புக் கரிந்து வீடெல்லாம் புகை, இவர் முன்னறையில் அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் இவள் சாவியை மறந்துவிட்டுக் கதவைத் தட்டுகிறாள் தட்டுகிறாள், தெருவே கூடிவிட்டது, இவர் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் மறுபடி நாய் யோசனை வந்தது. கதவு தட்டினால் ஓடிவந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி, குக்கர் கத்தினால் குலைத்து அழைக்கிற மாதிரி, அவருக்குக் காதாக ஒரு ஜீவன். ஜானகம்மாவிடம் முதல் பேச்சே அதுதான், காது நல்லாக் கேக்கிற குட்டியாப் பாத்துக் குடுங்கம்மா. பழக்கினால் செய்யும், நானும் கூட இருந்து பழக்கித் தருகிறேன் என்றாள் அவள். நாய்களிடம் அவள் பேசுவதெல்லாம் தெலுங்கு, ரா என்றால் அத்தனையும் ஓடிவருகின்றன. இந்த வயதில் நானும் தெலுங்கு படிக்க வேண்டுமோ, ரா, ரா, என்று சுப்புத்தாய் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள், கூப்பிட்ட கணக்கில் வந்துவிடுமோ? ஒரு குட்டியும் திரும்பவில்லை. பிழைத்தோம். ஆனால் ஒன்றுகூட வரவும் இல்லையே. அரை மணி ஆகியிருக்குமா? வராமலே போய்விட்டால்? நாய்க்கு மனுசரின் கை தெரியும் என்பார்கள். அந்தக் குட்டி விசயம் இதுகளுக்குத் தெரிந்திருக்குமோ. நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். போன வருசம் பஸ் ஸ்டாண்டில் கூடையில் வைத்து விற்றவன் அறுபது நாள் குட்டி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தாயைக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை, ஊசி போட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை, கூடைக்குள் கண்ணைப் பார்த்தோம், தூக்கினோம், அவ்வளவுதான். முப்பது நாள்கூட ஆகாத குட்டியம்மா இது, தாய்ப்பால் மறக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சிட்டான் பாவி என்றார் மாட்டு டாக்டர். ரத்தமாய்க் கழிந்து பதினோராம் நாள் அவள் மடியிலேயே. முருங்கைக்கு அடியில் குருவையாதான் குழி தோண்டினார், தோண்டி மூடிவிட்டு மண்வெட்டியைக் கழுவிக் கழுவி வைத்தார். நம் கை ராசியில்லாத கை. ஜானகம்மாவிடம் இதையும் மறைக்காமல் சொன்னாள், சொன்னால் கொடுக்க மாட்டாள் என்று பயந்துகொண்டே. ஜானகம்மா, கையில என்னத்தா இருக்கு, அவன் கூடையிலதான் இருந்துச்சு நோவு என்று சொல்லி, வெள்ளச்சியின் ஊசி அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள். நல்ல பொம்பளை. கடுத்த வாய்தான், ஆனால் நல்ல பொம்பளை.

அப்போது ஒரு குட்டி எழுந்து வந்தது. இவளிடம் இல்லை, இவள் செருப்பிடம். செருப்பு வாரைக் கடித்து இழுத்தது, பின்னாலேயே இன்னொன்று வந்து முதல் குட்டியின் வாலைக் கடித்து இழுத்தது, மூன்றாவது வந்து இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டது. ரோஜா நிற மூக்கு, உள்ளங்கால்கூட ரோஜா நிறம், குளித்துவிட்டுப் பவுடர் போட்ட மாதிரி. சுப்புத்தாயின் கை தானாக நீண்டது, மறு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். அடி கையே, உனக்கு முன்னாடி எனக்கில்லையா ஆசை! குட்டிகளின் மூச்சு பால் புளித்த வாசத்தோடு கணுக்காலில் பட்டது, உச்சந்தலைவரை கூசியது, மகள் ஆறு மாதப் பிள்ளையாய்த் தவழ்ந்து வந்து கொலுசைக் கடிப்பாளே, அதே கூச்சம். இப்படி எத்தனை நாளாயிற்று, ஒன்றும் செய்யாமல், எதையும் கத்திச் சொல்லாமல். ஆமாம், இந்தத் தோப்பு என்னவோ போல் இருக்கிறதே என்று வந்ததிலிருந்து தோன்றுகிறது, இப்போதுதான் பிடிபடுகிறது, காலையிலிருந்து அவள் தொண்டை வலிக்கவில்லை. அந்த நினைப்போடு முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஈரமாகப் பட்டது. மெல்லத் திரும்பினாள். ஆறாவது ஒன்று! ஐந்துதானே இருந்தது? வைக்கோல் போர் பக்கத்திலிருந்து வலைக்கு அடியில் நுழைந்திருக்கிறது, முதுகெல்லாம் வைக்கோல். அது அவள் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த நூல் பிசிறைப் பல்லால் பிடித்து, பின்னங்காலை ஊன்றி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. தறிக்காரியின் சேலையில் பிசிறுக்கா பஞ்சம், இழுடா ராசா, இழு. அந்தச் சமயம் பார்த்து அடுப்படி வாசலில் இருந்து ஜானகம்மா எவர்சில்வர் தட்டைச் சிமெண்ட் தரையில் போட்டாள். ணங் என்று தோப்பே அதிர்ந்தது. காது சோதனை உன் கண்ணு முன்னாடிதான் செய்வேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். செருப்பைக் கடித்தது துள்ளி விழுந்தது, வாலைக் கடித்தது வெள்ளச்சியின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தது, கொட்டாவி விட்டது எழுந்து நின்று தட்டைப் பார்த்துக் குலைத்தது, மற்ற இரண்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஐந்தும் தேறிவிட்டன. சுப்புத்தாயே சாக்கில் ஒரு துள்ளு துள்ளினாள். முழங்காலுக்குப் பின்னால் இருந்தது மட்டும் இழுத்த பிசிறை இழுத்துக்கொண்டே இருந்தது. என்ன தைரியம்! குண்டு விழுந்தாலும் அசையாது போலிருக்கிறதே, இதுதான், இதேதான், குருவையா பார்த்தால் மீசைக்குள் சிரிப்பார், சிங்கத்தை அல்லவா பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்பார். தட்டு இன்னும் சுழன்று சுழன்று அடங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன முதுகு திரும்பவே இல்லை. இந்த முதுகை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? பிடிவாதமான முதுகு இல்லை இது, பயமில்லாத முதுகும் இல்லை. தன் பாட்டில் இருக்கிற முதுகு. ஒன்றும் நடக்காததுபோல என்று சொல்வோமே, அப்படி இல்லை, அதற்கு நிசமாகவே ஒன்றும் நடக்கவில்லை. எங்கே பார்த்தேன் இதை. குக்கர் கத்திக்கொண்டிருக்கிறது, புகை, முன்னறையில் பேப்பர்.

ஐயோ, என்று சொல்லிவிட்டாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள், குட்டிக்கு அதுவும் தெரியவில்லை. அப்படியா சங்கதி. அவருக்குக் காது தேடி வந்த இடத்தில் அவரைப்போலவே ஒன்றா வந்து ஒட்ட வேண்டும்? சாமிக்குக்கூட கேலி தெரியும் போலிருக்கிறது. வேண்டாம், அந்தக் குலைத்த குட்டியைக் கேட்போம், அதுதான் சரி, கதவு தட்டினால் அதுதான் ஓடும். சரிதான், ஆனால் இந்த முதுகு முழங்காலோரத்தில் சூடாகச் சாய்ந்திருக்கிறதே. கேட்காத முதுகோடு இருபத்தாறு வருசமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாமல் போனதைப் பார், தைரியமாம், சிங்கமாம். தறிச் செட்டில் என்றால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். செட்டில் யாருக்குத்தான் காது கேட்கிறது? அறுபது தறி ஓடுகிற இடத்தில் எல்லாருமே செவிடுதான், எல்லாரும்தான் பேசுகிறோம், வாய் ஓயாமல், கையால். இரண்டு விரல் கத்தரி, நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்குக் கவிழ்த்தால் டீ வந்தாயிற்று. இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார், ஓடு. திரும்பி நிற்கிற ஆளைக் கூப்பிட வேண்டுமா, வேஸ்ட்டு நூலை உருட்டி முதுகில் ஒரு எறி. குருவையா முதன்முதலில் அவளிடம் பேசியதே அப்படித்தான், நிச்சயம் பண்ணின பிறகு மூன்றாவது தறியில் இருந்து முதுகில் வந்து விழுந்தது ஒரு உருண்டை, திரும்பினால் மனுசன் வானத்தைப் பார்க்கிறார். எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரர் அந்தக் கையால்! ஓனரைப்போல நடப்பார், ஓனர் சம்சாரத்தைப்போல முகம் கோணுவார், செட்டே தறியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வேலையை விட்டு வந்த அன்று, இனிமேல் வீட்டில் கைச்சாடை வேண்டாம், தெருவில் பார்க்கிறவன் செவிடன் என்பான் என்று சொன்னார், அவளும் சரி என்றாள். அன்றையிலிருந்து வாயால் கத்துகிறாள். சாப்பிட வாங்க என்பதை மூன்று தரம், மூன்றாவது தரம் அது சண்டையாகத்தான் வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி, என்ன சுப்பு இன்னைக்குப் புளிக்குழம்பா என்று கேட்கிறாள். பகல் முழுக்க அறுபது பேரோடு கையால் சிரித்துப் பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொந்தப் புருசனிடம் தொண்டை கிழியக் கத்துகிறேனே, நான் என்ன கிறுக்கியா? அவரும் பதிலுக்கு ஊம் என்பதோடு சரி. கை இரண்டும் துணி துவைக்க மட்டும் என்று ஆகிவிட்டது. அதனால்தான் துவைத்த சேலையையே துவைக்கிறாரோ.

"ஏத்தா, இது எப்படி வெளிய வந்துச்சு?" ஜானகம்மா தட்டும் கையுமாக வலையோரம் நின்றாள். "பின்னாடி தனியாப் போட்டிருந்தேனே. அது குடுக்கற குட்டி இல்ல தாயி. அதுக்குக் காது கேக்காது. இந்த வெள்ளை நாய்ல சிலது அப்படித்தான் பிறக்கும். சொல்லாமக் கொள்ளாம வித்துருவாங்க பாதிப் பேரு." சுப்புத்தாய், "தெரியும்மா" என்றாள். "தெரியுமா? எப்படித் தெரியும்?" "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு." ஜானகம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதடு ஒரு பக்கம் கோணியது. "இங்க பாரு, நாலு நாள் ஆசையாக் கூப்பிடுவாங்க, வராது. அஞ்சாம் நாள் திமிரு பிடிச்ச நாய்னு அடிப்பாங்க. அதுக்குத்தான் நானே வச்சுக்கிடுதேன்னு முடிவு பண்ணிட்டேன். நீ அந்தக் குலைக்கிற பயலைப் பாரு, நீ கேட்ட காது அவனுக்குத்தான் இருக்கு." திமிர். அந்தச் சொல் வந்து சுருக்கென்று தைத்தது. வேணும்னே கேக்காத மாதிரி இருக்கிறது, திமிரு, என்று அவளே எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள், அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு. "ஒரு மணி நேரம் ஆயிருச்சாம்மா?" "இன்னும் பத்து நிமிசம் இருக்கு." "அப்ப நான் கூப்பிடல, தொடல, பாத்துக்கோங்க." குட்டி அதற்குள் பிசிறை அறுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டிருந்தது. சுப்புத்தாய் இடுப்புச் செருகலில் விரலை விட்டாள், ஞாயிற்றுக்கிழமையானாலும் அங்கே இருக்கும், இருந்தது, வேஸ்ட்டு நூல். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். படாமல் போய்விட்டால், பட்டும் திரும்பாமல் போய்விட்டால். எறிந்தாள். முதுகின் நடுவில் பூ விழுகிற மாதிரி விழுந்தது. குட்டி திரும்பியது. உருண்டையைப் பார்த்தது, அது வந்த வழியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் இரண்டு கையையும் தன் பக்கமாக வாரினாள், செட்டில் பக்கத்துத் தறிக்காரியை வாடி என்று கூப்பிடுகிற அதே வாரல். உருண்டையைக் கவ்விக்கொண்டு, இடுப்பு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக ஓடிவந்து, நிற்கத் தெரியாமல் அவள் மடியில் முட்டி விழுந்தது. வெள்ளச்சி எழுந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. ஜானகம்மா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கதவைத் தட்டினா?" என்றாள். "மணி அடிச்சா எரியற மாதிரி ஒரு பல்பு மாட்டிக்கிடுதோம். எலக்ட்ரிக் கடையில கிடைக்கு, நான்தான் இத்தனை நாள் வாங்கல." "குக்கரு?" "நான் இருக்கையில மட்டும் வைக்கிறேன். அவருக்குச் சட்டிச் சோறு போதும்." "அப்ப நாய் எதுக்குத்தா உனக்கு?" சுப்புத்தாய்க்கே அது வாயில் வந்தபிறகுதான் தெரிந்தது. "பேசறதுக்கும்மா. அவரு பேசறதுக்கு."

ஜானகம்மா அதற்கு மேல் சட்டம்தான் பேசினாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. தெருவில் கயிறு இல்லாமல் விடக் கூடாது, வண்டிச் சத்தம் அதுக்குத் தெரியாது. தூங்கும்போது பின்னாலிருந்து தொடக் கூடாது, முன்னால் போய்த் தரையைத் தட்டி எழுப்ப வேண்டும். முடியவில்லை என்றால் எந்த வயதானாலும் என்னிடமே கொண்டுவர வேண்டும், தெருவில் விட்டாய் என்று கேள்விப்பட்டேனோ! அறுபது நாள் ஆக இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது, அன்றைக்கு அவரையும் கூட்டி வா, நான் அவரைப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன். "அதுக்கு முந்தி அவரு சட்டை ஒண்ணு வேணும். நாளைக் காலையிலயே. இதுக்கு மூக்குதான் காது, தெரிஞ்சுக்கோ. துவைக்காம, ஏத்தா, துவைக்காம!" மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு எழுந்ததும் வாரத் துணி மொத்தமும் கல்லுக்குப் போகிற நாள். போன் போட்டால் அவருக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எங்க வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கவிடாதே என்று சொன்னால் ஊருக்கே ஒரு வாரத்துக்குப் பேச்சு. அண்ணே, கொஞ்சம் அழுத்துங்கண்ணே என்று டிரைவரைப் பார்த்து அவள் சொல்ல, "என்னக்கா, அடுப்புல எதையும் வச்சிட்டு வந்துட்டியா?" என்றான் அவன். "சட்டைய வச்சிட்டு வந்துட்டேன்யா" என்றாள், பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். நீலக் கட்டம் போட்ட சட்டை, மூன்று நாள் போட்டது, அதுதான் வேண்டும், அதில்தான் அவர் முழுசாக இருப்பார், வேர்வை, பீடி, இல்லை, பீடியை விட்டுவிட்டார், நல்லெண்ணெய், கொஞ்சம் நீலம். நிறுத்தத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கொடியில் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன, போர்வை, வேட்டி, துவைத்தாயிற்றே. கல்லுக்கு முன்னால் அந்த முதுகு. முதுகுக்கு அப்பால், வாளி நுரைக்கு மேலே, கையில் நீலக் கட்டம், இன்னும் நனையாத நீலக் கட்டம். ஏங்க என்று வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். செருகலில் மிச்சமிருந்த நூலை உருட்டி, மூச்சைப் பிடித்து எறிந்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவில் போய் விழுந்தது. குருவையா திரும்பினார். உருண்டையைப் பார்த்தார், அது வந்த வழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையை மெதுவாகத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டினார், என்ன, நூல் அறுந்துவிட்டதா? இரண்டு வருசமாகிறது அந்த விரல் பேசி. இல்லை, இல்லை, என்று அவள் கையை வீசினாள், சட்டையைக் காட்டினாள், வாளியைக் காட்டினாள், வேண்டாம் வேண்டாம். பிறகு திகைத்து நின்றாள், தறிச் செட்டில் நாய்க்கென்று ஒரு சாடையே கிடையாதே. இரண்டு கையையும் தலையின் பக்கத்தில் தொங்கவிட்டு ஆட்டினாள், நாக்கை நீட்டினாள், பிறகு தன் காதுகளைப் பொத்திக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். தன் காதைத் தொட்டு, அந்த ஆட்டின கையைச் சுட்டி, அதுக்குமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், சட்டையைச் சுட்டி, மூக்கைத் தொட்டு, மலைப் பக்கம் கையைக் காட்டினாள். குருவையா சட்டையைத் தோளிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தார், முகத்தை ஓனர் சம்சாரத்தைப்போலக் கோணிக்கொண்டு, இதையா கொடுக்கப் போகிறாய் என்று கேட்டார், கையால்தான். சிரித்தது மட்டும் வாயால், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற மாதிரி.